‘டேர்’ ஆல்பத்தை வெட்டி ஒட்டிய தட்டு: ‘லவ் அண்ட் டான்சிங்’ பற்றிப் பேசுவோமா?

மழைத்தட்டு எழுதியது:

வணக்கம். ரொம்ப நாளாக எழுத நினைத்திருந்தது இது. ஹியூமன் லீக் என்ற பிரிட்டிஷ் மின்னிசைப் பாப் குழு என்றதும் எல்லோருக்கும் ‘டோன்ட் யூ வான்ட் மீ’ ஞாபகம் வரும். இன்னும் கொஞ்சம் உள்ளே போனவர்களுக்கு அந்தப் பாட்டு இருக்கிற ‘டேர்’ ஆல்பம் தெரியும். 1982 ஜூலையில் அதே ஆல்பத்தை வெட்டிக் கோத்து வந்ததே ‘லவ் அண்ட் டான்சிங்’, அதைப் பற்றிக் கேட்டால் மட்டும், “டேர் நன்றாக ஓடியது, அந்தச் சூட்டில் இதையும் போட்டார்கள்” என்று ஒரே வரியில் முடித்துவிடுகிறார்கள்.

என் கணக்கு வேறு. இரண்டில் பெரிய வேலை இரண்டாவதுதான் என்று நினைக்கிறேன். ‘டேர்’ நல்ல பாடல்கள் நிறைந்த ஆல்பம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ‘லவ் அண்ட் டான்சிங்’ அந்தப் பாடல்களை ஓரமாக நகர்த்திவிட்டு, அடியில் ஓடிக்கொண்டிருந்த இயந்திரத்தை நடுக்கூடத்தில் கொண்டுவந்து வைக்கிறது. மொத்தம் எட்டு உருப்படி, ஏறக்குறைய 35 நிமிடம். ஏழு ‘டேர்’ ஆல்பத்தில் உள்ளவை. முதலில் வரும் ‘ஹார்ட் டைம்ஸ்’ மட்டும் ‘லவ் ஆக்‌ஷன்’ சிங்கிளின், அதாவது தனிப்பாட்டுத் தட்டின், பின்பக்கத்தில் இருந்தது.

தட்டு வெளியானது ‘தி லீக் அன்லிமிடெட் ஆர்கெஸ்ட்ரா’ என்ற பெயரில். அமெரிக்கப் பாடகர் பேரி வைட்டின் ‘லவ் அன்லிமிடெட் ஆர்கெஸ்ட்ரா’வுக்கு வைத்த வணக்கம் அது. ஆனால் இங்கே ஆர்கெஸ்ட்ரா என்பது ஒரு மிக்ஸிங் மேசையும், ஒரு பிளேடும், மார்ட்டின் ரஷன்ட் என்கிற ஒரு தயாரிப்பாளரும். ‘ஹார்ட் டைம்ஸ்’ மூச்சு விடாமல் ‘லவ் ஆக்‌ஷ’னுக்குள் நுழையும் இடத்தை ஹெட்போனில் கேட்டுவிட்டு வந்து பேசுங்கள். எதிர்க் கருத்து இருந்தாலும் சொல்லுங்கள், எனக்கு அதுதான் வேண்டும்.


குருவிக்கூடு எழுதியது:

அண்ணா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு நேற்று ராத்திரி இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டேன். நானும் வீட்டில் லேப்டாப்பில் பீட் செய்கிறவன், அதனால் ஆசையாகத்தான் உட்கார்ந்தேன். மனசு ஒட்டவில்லை.

காரணம் சொல்கிறேன். ‘டோன்ட் யூ வான்ட் மீ’ பாட்டின் உயிர் அந்தக் கதை. மது விடுதியில் பரிமாறிக்கொண்டிருந்த பெண்ணைத் தான்தான் ஆளாக்கியதாகச் சொல்லிக்கொள்கிற ஒருவன். இரண்டாவது சரணத்தில் அவள் வந்து, நீ இல்லாவிட்டாலும் நான் வந்திருப்பேன் என்கிறாள். அந்தப் பதில் வரும்போது பாட்டே திரும்பி நிற்கிறது. ரீமிக்ஸில் அந்த மோதல் எங்கே? ஏழு நிமிடத்துக்கு அதே பேஸ் லைன், அந்தக் கனத்த அடிச்சுர வரி, சுற்றுகிறது, நடுவில் குரல் துண்டு துண்டாக எட்டிப் பார்க்கிறது. கதையை எடுத்துவிட்டுக் கதைக்குப் போட்ட மேடையை மட்டும் காட்டுவது போல இருந்தது.

இன்னொன்று, இதே வேலையை இன்று நான் ஒரு மணி நேரத்தில் செய்துவிடுவேன். ஒரு பீட்டை நாலாக வெட்டி அடுக்குவது இன்று ஒரு பொத்தான். பழையது என்பதற்காக மட்டும் மரியாதை கொடுக்க எனக்கு வரவில்லை.


தேம்ஸ்கரை எழுதியது:

தம்பி குருவிக்கூடு சொன்னதில் நியாயம் இருக்கிறது. இருந்தாலும் அந்தத் தட்டு எந்த நேரத்தில் வந்தது என்று பார்க்க வேண்டும். நான் லண்டனில் இருக்கிறேன். இங்கே தொண்டுக் கடைகளில் பழைய எல்பி பெட்டிகளைக் கிளறுவது எனக்கு ஞாயிற்றுக்கிழமைப் பழக்கம். ‘லவ் அண்ட் டான்சிங்’ எனக்குக் கிடைத்தது அப்படித்தான், 2 பவுண்டுக்கு.

1980 கடைசியில் ஷெஃபீல்டில் அந்தக் குழு இரண்டாக உடைந்தது. மார்ட்டின் வேரும் இயன் கிரெய்க் மார்ஷும் வெளியே போனார்கள். பிறகு அவர்கள் ஹெவன் 17 ஆனார்கள். இசை தெரிந்த இரண்டு பேரும் போய்விட, பெயரும் கடனும் ஒத்துக்கொண்ட ஐரோப்பியச் சுற்றுப்பயணமும் பாடகர் பிலிப் ஓக்கி தலையில் விழுந்தன. கூட நின்றவர் ஏட்ரியன் ரைட். மேடையில் ஸ்லைடு படம் காட்டுவதுதான் அதுவரை அவர் வேலை. ஓக்கி ஊரில் இருந்த கிரேசி டெய்சி என்ற நடன விடுதிக்குப் போய், அங்கே ஆடிக்கொண்டிருந்த இரண்டு பள்ளி மாணவிகளைக் கேட்டார். சூசன் சல்லிக்கு 17 வயது, ஜோன் கேத்ராலுக்கு 18. பிறகு இயன் பர்டன், ரெசிலோஸ் குழுவில் கிடார் வாசித்த ஜோ காலிஸ் எல்லோரும் வந்து சேர்ந்தார்கள். அந்தக் கூட்டம்தான் ஒரு வருடத்துக்குள் ‘டேர்’ செய்தது. 1981 அக்டோபரில் வந்து பிரிட்டன் விற்பனைப் பட்டியலில் முதலிடம். ‘டோன்ட் யூ வான்ட் மீ’ அந்த வருடக் கிறிஸ்துமஸுக்கு முதலிடம். அதை சிங்கிளாக விடுவதில் ஓக்கிக்கே விருப்பம் இருக்கவில்லை. ஆல்பத்தில் கடைசிப் பாட்டாகத் தள்ளி வைத்திருந்தார்கள்.

1982 ஜூலையில் அதே பாட்டு அமெரிக்காவிலும் முதலிடத்தில் நின்றது. உலகம் முழுவதும் அடுத்தது எங்கே என்று கேட்கிற நேரம், கையில் புதுப் பாடல்கள் இல்லை. இடைவெளியை நிரப்ப வந்த தட்டுதான், ஒத்துக்கொள்கிறேன். அதனால்தான் வழக்கமான ஆல்பத்தைவிட மலிவாக விற்றார்கள். அப்படி இருந்தும் இங்கே மூன்றாம் இடம் வரை போனது. பெரும்பாலும் பாட்டே இல்லாத ஒரு தட்டு!


ஸ்பூல்காரர் எழுதியது:

நான் ரொம்ப வருடம் வானொலியில் ஸ்பூல் டேப் எடிட்டிங் செய்தவன். இந்த ஹியூமன் லீக் எனக்குப் புதிது. என் மகன் இந்த இழையை அனுப்பி, “அப்பா, உங்கள் ஆள் ஒருவர் இதில் இருக்கிறார்” என்றான். கேட்டேன். மூன்று முறை கேட்டேன்.

தம்பி, ஒரு பொத்தான் என்றீர்கள். அந்தப் பொத்தான் வருவதற்கு முன்னால் அந்த வேலை எப்படி இருந்தது என்று சொல்கிறேன், கோபித்துக்கொள்ளாதீர்கள்.

வெட்ட வேண்டிய இடத்தை முதலில் கண்டுபிடிக்க வேண்டும். ஸ்பூலை இரண்டு கையாலும் பிடித்து, டேப்பில் இருக்கிற சத்தத்தைப் படிக்கிற ஹெட் மேல் டேப்பை முன்னும் பின்னும் மெதுவாக இழுப்போம். வேகம் குறைவாக இருப்பதால் ஒரு சொல்கூட மாடு முனகுவது போலக் கேட்கும். அந்த முனகலில் ‘க’ எங்கே ஆரம்பிக்கிறது என்று காது கண்டுபிடிக்க வேண்டும். பிடித்த இடத்தில் டேப்பின் முதுகில் மஞ்சள் பென்சிலால் ஒரு கோடு. பிறகு டேப்பை எடுத்து எடிட்டிங் பிளாக்கின் பள்ளத்தில் படுக்க வைத்து, சாய்ந்த வெட்டுக்கான கீறலில் பிளேடை இறக்குவோம். சாய்த்து வெட்டினால் ஒரு சத்தம் கரைந்து இன்னொன்று வரும், ஒட்டு தெரியாது. நேராக வெட்டினால் சத்தம் கத்தி போல நிற்கும். பிளேடில் காந்தம் ஏறியிருந்தால் ஒட்டின இடத்தில் ‘டிக்’ என்று கேட்கும், அதனால் காந்தம் நீக்கிய பிளேடு வேண்டும். கடைசியாக ஸ்பிளைசிங் டேப்பை ஒட்டி நகத்தால் தேய்ப்போம். வெட்டிய துண்டுகளைத் தொலைக்காமல் இருக்கக் கழுத்தில் மாலை போலப் போட்டுக்கொள்வோம், மேசை ஓரத்தில் ஒட்டி வைப்போம்.

ஒரு அரைமணி நேர உரைச்சித்திரத்தில் நாற்பது, ஐம்பது ஒட்டு இருந்தாலே அந்த ஸ்பூலைத் தூக்கிக்கொண்டு நடக்கும்போது கைகுழந்தை மாதிரி பிடித்திருப்பேன். இந்தத் தட்டில் எத்தனை ஒட்டு என்று மகனைத் தேடச் சொன்னேன். 2,600க்கும் மேல் என்று சொல்லப்பட்டுவருகிறதாம். 35 நிமிடத்துக்கு 2,600 என்றால் ஒரு நொடிக்கு ஒன்றுக்கும் மேல். வேலை முடியும்போது மூல டேப் கழன்றுபோகிற நிலைக்கு வந்து, உடனே இன்னொரு டேப்பில் பிரதி எடுத்தார்களாம். எனக்கு அது நன்றாகப் புரிகிறது. அவ்வளவு ஒட்டு உள்ள ஒரு டேப் ஹெட் மேல் ஓடும்போது நானாக இருந்தால் அறையில் மூச்சு விட்டிருக்க மாட்டேன்.


குருவிக்கூடு எழுதியது:

ஐயா, கோபமெல்லாம் இல்லை. படித்துவிட்டு ரொம்ப நேரம் யோசித்தேன். எனக்கு ஒரு சந்தேகம். பேச்சில் வெட்டுவதற்குக் காதால் தேடினால் போதும். தாளத்தில் வெட்டும்போது ஒவ்வொரு துண்டும் ஒரே நீளம் இருக்க வேண்டுமே? ஒரு துண்டு கொஞ்சம் நீண்டாலும் ஆட்டம் தடுமாறும். எப்படிச் சமாளித்தார்?


மழைத்தட்டு எழுதியது:

நான் காத்திருந்த கேள்வி இது, நானே சொல்லிவிடுகிறேன். ரஷன்ட் தனக்கென்று ஒரு ஸ்கேல் செய்துகொண்டார். பள்ளிப் பிள்ளைகள் வைத்திருப்போமே, அந்த மாதிரி. அதில் சென்டிமீட்டருக்குப் பதில் தாளத்தைக் குறித்துக்கொண்டார்.

கணக்கைப் போட்டுப் பாருங்கள். டேப் நொடிக்கு 15 அங்குலம் ஓடுகிறது என்று வைத்துக்கொள்வோம். பாட்டு நிமிடத்துக்கு 120 தாள அடி என்றால் ஒரு தாள அடிக்கு அரை நொடி. அப்படியானால் டேப்பில் ஒரு தாள அடியின் நீளம் ஏழரை அங்குலம். அதில் கால் பங்கு வேண்டுமென்றால் இரண்டு அங்குலத்துக்குக் கொஞ்சம் குறைவு, ஏறக்குறைய ஒரு தீக்குச்சி நீளம். அதே நீளத்தில் எட்டுத் துண்டு பிரதி எடுத்து வரிசையாக ஒட்டினால், பாடகர் திக்குவது போல ஒரு எழுத்து எட்டு முறை அடிக்கும், அதுவும் தாளம் பிசகாமல். இன்று எல்லாப் பாட்டிலும் கேட்கிற அந்தத் திக்கல் அவருக்கு தீக்குச்சி நீளத் துண்டுகளாகக் கையில் இருந்தது.

இங்கேதான் எனக்கு இந்தத் தட்டின் மேல் காதலே வந்தது. இந்த ஸ்கேல் வேலை செய்ய ஒரு நிபந்தனை உண்டு. தாளம் முதலிலிருந்து கடைசி வரை அசையக் கூடாது. மனிதர் டிரம் வாசித்தால் பல்லவியில் ஒரு இழை வேகம் கூடும், சரணத்தில் குறையும், ஸ்கேல் பொய் சொல்லிவிடும். ‘டேர்’ ஆல்பத்தில் டிரம்மர் கிடையாது. லின் எல்எம்-1 என்ற டிரம் மெஷின். ரோஜர் லின் 1980இல் கொண்டுவந்தது, உண்மையான டிரம்களின் சத்தத்தை மின்னணுச் சில்லில் பதிந்து வைத்திருந்தது. சின்தசைசர்களை ஓட்டியது ரோலண்ட் நிறுவனத்தின் எம்சி-8 என்ற கருவி. அதில் சுருதியையும் நீளத்தையும் கால்குலேட்டர் மாதிரி எண்களாகத் தட்டிக் கொடுக்க வேண்டும். எண்ணாகப் போன இசை என்பதால் எண்ணாகவே அளந்து வெட்ட முடிந்தது. ‘டேர்’ அப்படிச் செய்யப்பட்டதால்தான் ‘லவ் அண்ட் டான்சிங்’ செய்ய முடிந்தது. ஒன்றின் எலும்பு இன்னொன்றில் வெளியே தெரிகிறது.

லின்னில் பெரிய சிம்பல், அதாவது டிரம்மோடு அடிக்கிற பித்தளைத் தட்டின், சத்தமே கிடையாது. அந்தக் காலத்துச் சில்லில் அவ்வளவு நீளமான சத்தத்துக்கு இடம் இல்லை. அதனால்தான் அந்தத் தட்டில் காற்று அவ்வளவு சுத்தமாக இருக்கிறது. மேலே ஒன்றும் சலசலக்காது, கைதட்டலும் பேஸும் தனித்தனியாக நிற்கும்.


ஸ்பூல்காரர் எழுதியது:

தீக்குச்சி நீளம். ஆமாம், அதே நீளம்தான் ஒரு இருமலை வெட்டி எடுத்தால் கையில் வரும்.

இன்னொன்று கவனித்தேன். சில இடங்களில் அவர் நேராகத்தான் வெட்டியிருக்க வேண்டும் என்று என் காது சொல்கிறது. சத்தம் கதவு மாதிரி திறக்கிறது, மூடுகிறது. நாங்கள் மறைப்பதற்காக வெட்டினோம். இவர் தெரிய வேண்டும் என்று வெட்டியிருக்கிறார்.


பவளமல்லி எழுதியது:

இவ்வளவு நேரமும் பிளேடையும் ஸ்கேலையும் பற்றியே பேசுகிறீர்கள். எனக்கு உறுத்துகிற ஒரு விஷயத்தைச் சொல்லியே ஆக வேண்டும்.

அந்த இரண்டு பெண்களும் பாடகிகளாகப் பயிற்சி பெற்றவர்கள் இல்லை. ஊர் விடுதியில் ஆடிக்கொண்டிருந்த பெண்கள். அவர்கள் குரலில் மெருகு கிடையாது, பக்கத்து வீட்டுப் பெண் பாடுவது போல இருக்கும். அதனால்தான் ‘டேர்’ மனசுக்கு நெருக்கமாக இருக்கிறது. இத்தனை இயந்திரத்துக்கு நடுவில் ஒரு உயிருள்ள ஆள். ‘டோன்ட் யூ வான்ட் மீ’ பாட்டில் சூசன் வாயைத் திறக்கும்போது, தன் பங்கைக் கேட்டு வாங்க வந்த பெண்ணாகத்தான் எனக்குத் தெரிகிறாள்.

ரீமிக்ஸில் அதே பெண்ணின் குரல் டிரம்மோடு டிரம்மாக ஒரு சத்தம் ஆகிவிட்டது. ஒரு பெண் பேசுகிற பாட்டில் அவள் பேச்சை வெட்டினால், அது வெறும் தொழில்நுட்ப விஷயமா? தம்பி குருவிக்கூடு “கதை எங்கே” என்று கேட்டதற்கு இன்னும் யாரும் நேராகப் பதில் சொல்லவில்லை.


மழைத்தட்டு எழுதியது:

அக்கா, நேராகவே சொல்கிறேன். அந்த ஒரு பாட்டில் இழப்பு உண்டு. ‘டோன்ட் யூ வான்ட் மீ’ மட்டும் இரண்டு பேருக்கு நடுவில் நடக்கிற சண்டை, ஒருவர் வாயை அடைத்தால் சண்டை செத்துவிடும். இதை நான் முதல் பதிவிலேயே சொல்லியிருக்க வேண்டும்.

மற்ற ஏழுக்கும் அந்தக் குறை பொருந்தாது என்று நினைக்கிறேன். ‘தி சவுண்ட் ஆஃப் த க்ரௌட்’, ‘திங்ஸ் தட் ட்ரீம்ஸ் ஆர் மேட் ஆஃப்’ இரண்டும் கதை சொல்கிற பாட்டுகள் இல்லை. கூட்டத்துக்குள் இருக்கிற ஆளின் பாட்டுகள். நடன அரங்கில் கூட்டத்துக்கு நடுவில் நிற்கும்போது பாட்டு வரிகள் முழுதாகவா காதில் விழும்? ஒரு சொல் விழும், சத்தத்தில் மூழ்கும், திரும்ப வேறொன்று எழும். ரஷன்ட் குரலை அந்த மாதிரிதான் வைத்திருக்கிறார்.

இந்த வழியை அவர் தானாகக் கண்டுபிடிக்கவில்லை. ஜமைக்காவில், கிங்ஸ்டன் நகரில், 1968 வாக்கில் ஒரு தட்டு வெட்டும்போது குரல் தடத்தைச் சேர்க்க மறந்துபோய் வெறும் வாத்தியத்தோடு ஒரு பிரதி வந்துவிட்டது. அதை ஒரு ஒலிபெருக்கிக்காரர் நடனத்தில் போட்டார், கூட்டமே சேர்ந்து பாடியது. அங்கிருந்து கிளைத்ததுதான் டப். கிங் டப்பி என்ற ஒலிப்பொறியாளர் தன் வீட்டு முன்னறையில் மிக்ஸிங் மேசை போட்டு, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற ஃபேடரை இறக்கிக் குரலை மறைத்து, ஒரு சொல்லின் வாலை மட்டும் எக்கோவில் பறக்கவிட்டார். மேசையே வாத்தியம் ஆனது அங்கேதான். அப்புறம் நியூயார்க்கில் கிராண்ட்மாஸ்டர் ஃபிளாஷ் என்ற டிஜே தட்டுகளைச் சுற்றவிட்டு 1981இல் ஒரு முழுப் பதிவே செய்தார். ரஷன்டுக்குத் தூண்டுதலாக இருந்தவர் அவர்தான். ஃபிளாஷ் கையால் தட்டைத் திருப்பிச் செய்ததை இவர் டேப்பை வெட்டிச் செய்தார்.

ரஷன்ட் சின்ன வயதிலேயே லண்டன் அட்விஷன் ஸ்டூடியோவில் வேலைக்குச் சேர்ந்து கீழிருந்து மேலே வந்தவர். ஸ்பூல்காரர் ஐயா மாதிரிதான், பிளேடு பழகிய கை. பஸ்காக்ஸ், ஸ்டிராங்லர்ஸ் என்று கிடார் கத்துகிற பங்க் குழுக்களைப் பதிவு செய்துவிட்டுத்தான் பெர்க்‌ஷயரில் ஸ்ட்ரீட்லி கிராமத்தில் தன் வீட்டோடு ஜெனெடிக் ஸ்டூடியோவைக் கட்டி இயந்திரங்களிடம் வந்தார்.


பவளமல்லி எழுதியது:

கூட்டத்துக்கு நடுவில் நிற்கிற காது என்று சொன்னது பிடித்திருக்கிறது. அந்த நினைப்போடு திரும்பக் கேட்கிறேன். ஆனால் சூசன் விஷயத்தில் நான் சொன்னது சொன்னதுதான்.


தேம்ஸ்கரை எழுதியது:

இந்த இடத்தில் மற்ற நியூ வேவ் குழுக்கள், அதாவது பங்க் அலைக்குப் பின்னால் வந்த குழுக்கள், என்ன செய்தார்கள் என்றும் பார்க்கலாம். ‘லவ் அண்ட் டான்சிங்’ தனியாக வானத்திலிருந்து விழவில்லை.

பி-52ஸ் 1981லேயே ‘பார்ட்டி மிக்ஸ்!’ போட்டார்கள். முதல் இரண்டு ஆல்பங்களிலிருந்து ஆறு பாட்டை எடுத்து நீட்டியது. கொண்டாட்டமான தட்டு, ஆனால் நீட்டல் நீட்டலாகவே நிற்கிறது. சாஃப்ட் செல் 1982 ஜூனில், அதாவது இதற்குச் சரியாக ஒரு மாதம் முன்னால், ‘நான் ஸ்டாப் எக்ஸ்டாடிக் டான்சிங்’ விட்டார்கள். நியூயார்க்கில் இரவு விடுதிகளில் திளைத்துவிட்டு அங்கேயே மைக் தார்னோடு செய்தது. அதில் வியர்வை மணக்கும். ‘லவ் அண்ட் டான்சிங்’ பக்கத்தில் வைத்தால் ஒன்று விடுதிக்குள் நடக்கிறது, இன்னொன்று ஆய்வுக்கூடத்தில் நடக்கிறது.

டுரான் டுரான் செய்தது எனக்கு ரொம்பப் பிடித்த கதை. ஆரம்பத்தில் அவர்களுடைய ‘நைட் வெர்ஷன்’கள் ரீமிக்ஸே இல்லை. 12 அங்குலத் தட்டுக்காகப் பாட்டை வேறு மாதிரி அமைத்து, ஐந்து பேரும் உட்கார்ந்து திரும்பவும் வாசித்தார்கள். அவர்களிடம் உயிருள்ள டிரம்மர் இருந்தார். மழைத்தட்டு சொன்ன அதே காரணம், வெட்ட முடியாவிட்டால் வாசித்துத்தான் ஆக வேண்டும்.

இதற்கு நேர்மாறு த க்யூர். 1990இல் ‘மிக்ஸ்ட் அப்’ செய்யும்போது ‘எ ஃபாரஸ்ட்’, ‘த வாக்’ இரண்டின் மூல டேப்பும் கிடைக்கவில்லை. ரீமிக்ஸ் செய்வதற்காக முதலில் அந்தப் பாட்டுகளையே புதிதாகப் பதிவு செய்தார்கள்! பெட் ஷாப் பாய்ஸ் 1986இல் போட்ட ‘டிஸ்கோ’ ரீமிக்ஸ் தட்டைச் சொல்ல வேண்டியதில்லை, அதை எல்லோரும் கேட்டிருப்பீர்கள்.

12 அங்குலம் என்றதால் ஒரு சொல். சின்ன 7 அங்குலத் தட்டில் பாட்டை நீட்டினால் பள்ளங்கள் நெருங்கி, சத்தம் மெலிந்து, பேஸ் செத்துவிடும். பெரிய தட்டில் பள்ளங்கள் தள்ளித் தள்ளி இருக்கலாம், ஊசி பயமில்லாமல் ஆடலாம். 70களின் நடுவில் நியூயார்க்கில் டாம் மோல்டன் தற்செயலாக இதைக் கண்டுபிடித்தார், கையில் சின்னத் தட்டு தீர்ந்துபோய்ப் பெரிய தட்டில் ஒரு பாட்டை வெட்டியபோது. வீட்டில் என்னிடம் ‘லவ் ஆக்‌ஷன்’ 7 அங்குலமும் 12 அங்குலமும் இரண்டும் இருக்கின்றன. பெரியதில் ஊசி பேஸில் ஏறும்போது மேசையில் இருக்கிற தேநீர்க் கோப்பை அதிர்கிறது. சின்னதில் அது அசைவதே இல்லை.


குருவிக்கூடு எழுதியது:

மூன்று நாள் கழித்து வருகிறேன். சொன்னேனே, ஒரு மணி நேரத்தில் செய்துவிடுவேன் என்று. செய்து பார்த்தேன்.

என் சொந்தப் பாட்டு ஒன்றை எடுத்துக்கொண்டேன். ஒரு நிபந்தனை வைத்துக்கொண்டேன்: திரும்பப் பெறும் பொத்தானைத் தொடக் கூடாது, வெட்டினால் வெட்டினதுதான். ஒவ்வொரு வெட்டுக்கும் முன்னால் என்ன வரப்போகிறது என்று மனசுக்குள் கேட்டுவிட்டுத்தான் வெட்ட வேண்டும். ஒரு மணி நேரத்தில் முடித்தது பதினோரு நொடி. பத்தாவது நொடியில் ஒரு கைதட்டலைத் தவறாக வெட்டிவிட்டேன். சரிசெய்ய வழியில்லாததால் அதையே நான்கு முறை அடுக்கினேன். அந்தப் பதினோரு நொடியில் நன்றாக இருக்கிற ஒரே இடம் அதுதான்.

அதற்குப் பிறகு ‘ஹார்ட் டைம்ஸ்’ திரும்பக் கேட்டேன், ஹெட்போனில், விளக்கை அணைத்துவிட்டு. இப்போது எனக்கு வெட்டுகள் கேட்கின்றன. முதல் தடவை வெறும் சுற்றல் என்று தோன்றிய இடத்தில் எல்லாம் ஒரு ஆள் முடிவெடுக்கிறார். கைதட்டல் ஒரு தடவை இடது பக்கம் வருகிறது, அடுத்த தடவை வரும் என்று எதிர்பார்த்தால் வரவில்லை, அங்கே பேஸ் மட்டும் தனியாக நடந்துபோகிறது. ‘டோன்ட் யூ வான்ட் மீ’ விஷயத்தில் நான் இன்னும் பவளமல்லி அக்கா கட்சிதான். கடைசியாக வரும் ‘செகண்ட்ஸ்’, ‘ஓப்பன் யுவர் ஹார்ட்’, ‘தி சவுண்ட் ஆஃப் த க்ரௌட்’ மூன்றும் சின்னச் சின்னதாக முடிந்துவிடுகின்றன, அங்கே அவர் களைத்துவிட்டாரோ என்றும் தோன்றியது. மற்றதற்கு நான் முதலில் சொன்னதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன்.


மழைத்தட்டு எழுதியது:

களைப்பு என்று நீ சொன்னது எனக்கும் தோன்றியிருக்கிறது தம்பி. அடுத்த ஆல்பத்தின் பாரம் அதற்குள் தலைக்கு மேல் வந்துவிட்டது. ‘மிரர் மேன்’, ‘ஃபேசினேஷன்’ என்ற சிங்கிள்கள் இரண்டும் பிரிட்டனில் இரண்டாம் இடம் வந்தன. ஆனால் அந்த அடுத்த ஆல்பமான ‘ஹிஸ்டீரியா’ வேலை நடக்கும்போதே ரஷன்ட் வெளியேறிவிட்டார். அந்த ஆல்பம் 1984இல் வேறு தயாரிப்பாளர்கள் கையில் முடிந்தது. ரஷன்ட் 2011 ஜூனில் காலமானார். அவர் இந்தக் குழுவின் பாடகரும் இல்லை, குழுவோடு மேடை ஏறி வாசித்தவரும் இல்லை என்பதால் இந்தத் தட்டில் அவரை யாரும் கலைஞராகப் பார்ப்பதில்லை. அது எனக்கு உண்மையாகவே வலிக்கிற விஷயம். 35 நிமிடமும் அவர் ஒருவர் கைதான்.

2002இல் ‘டேர்’, ‘லவ் அண்ட் டான்சிங்’ இரண்டையும் ஒரே சிடியில் சேர்த்து விட்டார்கள். புதிதாகக் கேட்கிறவர்கள் அதை வாங்கலாம். ஒரே வேண்டுகோள், இரண்டுக்கும் நடுவில் நிறுத்திவிட்டு ஒரு நாள் விட்டுக் கேளுங்கள்.


குருவிக்கூடு எழுதியது:

ஸ்பூல்காரர் ஐயா, ஒரு கேள்வி பாக்கி இருக்கிறது. உங்களிடம் அந்த எடிட்டிங் பிளாக் இன்னும் இருக்கிறதா? ஒரே ஒரு தடவை உண்மையான டேப்பை வெட்டிப் பார்க்க வேண்டும்.


ஸ்பூல்காரர் எழுதியது:

பிளாக் இருக்கிறது. அலமாரியில், துணியில் சுற்றி வைத்திருக்கிறேன். ஸ்பிளைசிங் டேப் காய்ந்து போயிருக்கும், அதற்கு வழி பார்க்கலாம். பிளேடு புதிதாக வாங்கிக்கொண்டு வா தம்பி. வரும்போது உன் அந்தப் பதினோரு நொடியையும் கொண்டு வா, அதை முதலில் டேப்பில் ஏற்றுவோம்.